கடலில்லாத மாவட்டத்தின் துறைமுகம்

அன்புள்ள தம்பிக்கு,

பாடப்புத்தகத்தில் துறைமுகங்களைப் பற்றி வரும் பக்கங்களை அயலூர்க் கதையாகவே நீ படித்திருப்பாய். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான உங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் உங்களுக்கு ஒரு துறைமுகம் உண்டு, அது பரங்கிப்பேட்டை என்கிறேன். ஒரு துறையை வாழவைப்பதும் சாகவிடுவதும் அதன் முன்னால் கிடக்கும் கடலைவிட, பின்னால் விரியும் நிலமே என்பது என் துணிபு. ஆகவே அதன் வரலாற்றை மலையிலிருந்து தொடங்கிப் படிக்கவேண்டும்.

முதலில் ஆறுகளைப் பார். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் சமவெளியில் இறங்கி, கடைசியில் வெள்ளாற்று நீராகிவிடுகின்றன. அந்த வெள்ளாறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில்தான் பரங்கிப்பேட்டை இருக்கிறது. திருக்கோவிலூர் வழியாக ஓடும் தென்பெண்ணையும், உங்கள் மாவட்டத்தில் தோன்றும் கெடிலமும் கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பரங்கிப்பேட்டைக்கு வந்தார்கள். பிறகு டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என வரிசையாக வந்தார்கள். மரக்காயர்கள் கிழக்கே மலாய் நாடுகள் வரை கப்பல் ஓட்டினார்கள். இந்தக் கரையில் எல்லாரும் முதன்மையாகத் தேடியது பருத்தித் துணி. பருத்தி கடற்கரை மணலில் விளைவதில்லை. விளைந்த கரிசல், நூற்ற வீடு, நெய்த தறி எனப் பலவும் உள்நாட்டில் இருந்தவை. கப்பல் ஏறியது உள்நாட்டு உழைப்பு.

துறைமுகத்தின் விதியைத் தீர்மானித்தது பீரங்கி அல்லவா என்று நீ கேட்கலாம். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் மைசூரின் ஹைதர் அலியின் படையை ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தோற்கடித்தார். கரையில் எந்தக் கொடி பறக்கும் என்பதை இத்தகைய போர்கள் தீர்மானித்தன. கப்பலில் என்ன ஏறும் என்பதை அவை தீர்மானிக்கவில்லை. இதற்குச் சான்று அடுத்த நூற்றாண்டில் கிடைக்கிறது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உலை மரக்கரியில் எரிந்தது. ஆட்சியும் கடலும் ஆங்கிலேயர் கையில் இருந்தும் ஆலை நிலைக்கவில்லை. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. விறகுக்காடுகள் குறைந்து கரி கிடைப்பது அரிதானது அவற்றில் முக்கியமானது. உள்நாடு கைவிட்டதைக் கடலால் ஈடுகட்ட முடியவில்லை.

இன்னொரு மறுப்பும் எழும். வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றில் எந்தப் படகு ஓடியது, சரக்கெல்லாம் மாட்டு வண்டியில்தானே போயிருக்கும்? சரிதான். ஆனால் ஆற்றின் பங்கு படகைச் சுமப்பதோடு முடிவதில்லை. விளைச்சலுக்கும் சாயத் தொழிலுக்கும் நீர் வேண்டும்; மக்கள் நெருங்கி வாழ்வதும் ஆற்றை ஒட்டித்தான்; வண்டிப்பாதையும் அந்தக் குடியிருப்புகளை இணைத்தே செல்கிறது. முகத்துவாரத்தைத் திறந்துவைப்பது வெள்ளம், அடைப்பது மணலும் வண்டலும். மலைச்சரிவில் மரம் வெட்டப்பட்டால் மண் கரைந்து கீழே இறங்கும். அதன் விளைவு கடைசியில் கடலோரத்தில் தெரியும்.

இது முடிந்துபோன பழங்கதை அன்று. பரங்கிப்பேட்டை பெருந்துறை என்ற நிலையை இழந்துவிட்டது. வணிகம் ரயிலோடும் சென்னைத் துறைமுகத்தோடும் போய்விட்டது. ஆனால் ஆற்றின் உறவு அறவில்லை. கோமுகியிலும் மணிமுக்தாவிலும் இப்போது அணைகள் இருக்கின்றன. உங்கள் வயலுக்கு அவை தேவை. அதே சமயம், கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் கலந்தால்தான் இறாலும் மீன்குஞ்சும் வளரும். பக்கத்தில் உள்ள பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டுக்கும் நன்னீர் வரத்து வேண்டும். பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இந்தக் கழிமுகத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

ஆகவே, மாவட்ட எல்லையை வைத்து மட்டும் உன் ஊரின் வரலாற்றை அளக்காதே. ஒரு வரைபடத்தை எடுத்து, கல்வராயனில் தொடங்கும் ஓடைகளைக் கடல் வரை கோடிட்டுப் பார். மலைக்காட்டையும் ஆற்று மணலையும் காப்பதைப் பற்றி உங்கள் ஊரில் பேச்சு எழும்போது, கீழே வலை வீசுகிறவனுக்கும் அதில் பங்கு உண்டு என்று எடுத்துச் சொல். அதைச் சொல்லும் கடமை மேட்டில் இருப்பவர்களுக்கே முதலில் உண்டு.

அன்புடன்,
உன் அண்ணன்