நோயிலிருந்து மீள்வோருக்கு ஒரு மாசிப்பட்டத் தோட்டம்

வீடு திரும்பும் நாளில் நோயாளிகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இனி நான் என்ன வேலை செய்யலாம்?" என்பதாகும். நாங்கள் விடை கூறுமுன் உடனிருப்பவர் முந்திக்கொண்டு, "ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். அது அன்பிலிருந்து வரும் சொல்தான். ஆயினும், பல நாள் பிறர் பராமரிப்பிலேயே இருந்தவருக்குத் தம்மால் பராமரிக்கப்படும் ஓர் உயிர் வீட்டில் இருப்பது பெரும் ஊக்கம் தரும். அவ்வுயிர் ஒரு தொட்டிக் கீரையாகவும் இருக்கலாம்.

ஆடிப்பட்டத்தை அனைவரும் அறிவர். பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் தை, மாசி மாதங்களும் தமிழ்நாட்டில் காய்கறி விதைப்புக்கு ஏற்றவையே. எனினும், விதையைத் தேர்வதற்கு முன் உடலின் நிலையை அறிந்துகொள்வது நல்லது.

மண்ணைத் தொடுமுன்

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோரும், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் மருத்துவர் அனுமதிக்கும் வரை மண்ணையும் மக்கிய உரத்தையும் கையாளுதல் கூடாது. அவற்றிலுள்ள பூஞ்சை நுண்விதைகள் மூச்சுடன் சென்று நுரையீரலைத் தாக்கக்கூடும்.

நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் தோட்டத்தில் இறங்க வேண்டாம். மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான தொற்றின் கிருமி ஈர மண்ணில் வாழ்வது. நீரிழிவு உள்ளோரை அது எளிதில் பற்றும். காலணியும் கையுறையும் அணிதல், வேலை முடிந்ததும் கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுதல், பாதங்களில் கீறல் உள்ளதா எனப் பார்த்தல் ஆகிய மூன்றும் நாள்தோறும் வேண்டும். ரணஜன்னித் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் கடந்திருப்பின் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

எவற்றை விதைக்கலாம்

தொடக்கத்தில் நான்கு தொட்டிகள் போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். தூசி எழாதவாறு நீர் தெளித்த பின்னரே கலக்க வேண்டும், இவ்வேலை குடும்பத்தாருடையது.

முதல் தொட்டியில் சிறுகீரை தூவுங்கள். ஏறக்குறைய 25 நாள்களில் பறிக்கலாம். இரண்டாவதில் வெண்டை, விதையை இரவில் ஊறவைத்து மறுநாள் ஊன்றினால் ஏறத்தாழ 45 நாள்களில் முதல் காய் கிடைக்கும். மூன்றாவதில் கொத்தவரை. நான்காவது பூவுக்கு உரியது. துலுக்கச் சாமந்தி இரண்டு மாதத்தில் பூக்கும். விரைவில் பலன் தரும் கீரையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: மீள்வோரின் மனத்துக்கு முதல் மாதத்திலேயே ஒரு விளைச்சல் தேவை.

வேலையைப் பகிர்தல்

10 லிட்டர் நீர் 10 கிலோ எடையுள்ளது. நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டோர் அதனைத் தூக்கலாகாது. கண்புரை அறுவைக்குப் பின் குனிவதையும், கண்ணில் மண் படுவதையும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டும். ஆகவே தொட்டிகளை இடுப்பளவு உயரமுள்ள திண்ணையிலோ பலகையிலோ வையுங்கள். தண்ணீரைக் குடும்பத்தார் கொண்டுவர, நோயாளி நாற்காலியில் அமர்ந்து சிறு குவளையால் ஊற்றட்டும். காலை 8 மணிக்கு முன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் தோட்டத்துக்குச் சென்றால் போதும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வேலையை உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுங்கள்.

தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் நீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் கொசு அங்கு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

விளைந்தது தட்டுக்கு வருமுன்

தோட்டத்தில் விளைந்தது என்பதற்காகவே எல்லாம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியம் தீங்காகலாம். உணவியலாளரைக் கேட்ட பின்னரே உண்ணுங்கள். வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் செயலை மாற்றிவிடும்.

மண்ணைத் தொட இயலாதோருக்கும் தோட்டத்தில் பங்கு உண்டு. எந்த விதை, எந்த நாளில் விதைத்தோம், எது முளைத்தது, எது மொட்டு விட்டது என்று குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். சன்னலருகே அமர்ந்து அவர்கள் கூறும் நாளில் குடும்பத்தார் நீர் விடட்டும். அவர்கள் சொன்ன பிறகே பறிக்கட்டும்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுதான்: பாரத்தை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள், பொறுப்பில் ஒரு சிறு பகுதியை அவர்களுக்கு விட்டுவையுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுடன் அந்தக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். நாங்களும் படிக்க விரும்புகிறோம்.