மஞ்சள் ஏறிய ஹெட்லைட்டும் மலைச்சாலை மூடுபனியும்

மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு இன்னமும் ஓடும் பழைய லேண்ட்ரோவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெயின்ட் உரிந்திருக்கும், சேசிஸில் துரு ஏறியிருக்கும், கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்த வேண்டியிருக்கும். ஆனால் முன்னால் உள்ள வட்ட விளக்கு மட்டும் தெளிவாக இருக்கும். அதே கடைவாசலில், அதன் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பெரோடுவா மைவி கார் நின்றால், ஹெட்லைட் பழுப்பேறி உள்ளே இருக்கும் பல்பே தெரியாத அளவுக்கு மங்கிப்போயிருக்கும். இதற்குக் காரணம் பராமரிப்பு அல்ல. லேண்ட்ரோவரில் இருப்பது நிஜக் கண்ணாடி. மைவியில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1953இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த பிளாஸ்டிக், விரும்பிய வடிவத்தில் ஹெட்லைட் செய்யலாம் என்று அமெரிக்கா 1983இல் விதியைத் தளர்த்திய பிறகு மெல்ல மெல்ல எல்லாக் கார்களுக்கும் வந்தது. எடை குறைவு, கல் பட்டாலும் எளிதில் உடையாது, எப்படி வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனால் வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே லென்சின் மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள். நாம் மங்கல் என்று சொல்வது அந்தப் பூச்சு தீர்ந்து, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கெடத் தொடங்கியதன் அடையாளம். நான் சொல்ல வருவதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது: போனது பூச்சு என்றால், பூச்சைத் திரும்பப் போடாத எந்த வைத்தியமும் நிலைக்காது.

"எங்கள் ஊரில் வெயிலே கிடையாதே, குளிரில் எப்படி மஞ்சளாகும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அது சூட்டையும் புறஊதாக் கதிரையும் ஒன்றாக்கிவிடுகிறது. இந்த மலையின் தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்தக் கதிர் ஆண்டு முழுவதும் கடுமைதான். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. உடம்புக்குச் சுடவில்லை என்பதால் லென்சுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பது தவறு. லயத்து வீடுகளின் முன்னால் கூரையில்லாமல், தினமும் ஒரே திசை பார்த்து நிற்கும் கார்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் படும் பக்கத்து விளக்கு நன்றாகப் பழுத்திருக்கும், சுவரோரத்து விளக்கு ஓரளவு தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பொருத்தியவை, ஒரே தூரம் ஓடியவை. காரை நிழல் பார்த்து நிறுத்துவதும், முடியாவிட்டால் முன்பக்கத்தில் தடித்த துணி ஒன்றைப் போட்டு வைப்பதும் செலவில்லாத காப்பு.

இந்த மலைக்கே உரிய இன்னொரு வாதமும் உண்டு. மூடுபனிக்கு மஞ்சள் லைட்தான் நல்லது, அதனால் ஹெட்லைட் மஞ்சளானால் ஆதாயம்தானே என்பார்கள். ஆனால் மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஃபாக் லைட் வேலை செய்வதற்குக் காரணம் அதன் இடமும் வடிவமும்: தாழ்வாக இருந்து, அகலமாக, மேலே ஒளி போகாதபடி வெட்டிவிடும். சாதாரண லோ பீமுக்கும் அப்படி ஒரு மேல்விளிம்பு உண்டு. மங்கிய லென்ஸ் அந்த விளிம்பைத்தான் முதலில் கெடுக்கிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி மேலே சிதறி, பனித்துளிகளில் பட்டு, ஓட்டுபவரின் கண்ணுக்கே வெள்ளைத் திரையாகத் திரும்பி வரும். எதிரே வருபவருக்கும் கண் கூசும். அமெரிக்காவின் 'ஏஏஏ' வாகனச் சங்கம் 2018இல் நடத்திய ஆய்வில், பழுத்து மங்கிய ஹெட்லைட் லோ பீமில் புதிய விளக்கின் ஒளியில் சுமார் 20 விழுக்காட்டைத்தான் தந்தது. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வளைவுகளில், தெருவிளக்கே இல்லாத எஸ்டேட் பாதைகளில், ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தோடு ஓட்டுவது என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி வீட்டு வைத்தியங்கள். பற்பசை தேய்த்தால் பளபளக்கிறது என்பது உண்மை. அதிலுள்ள நுண்பொடி கெட்ட மேற்பரப்பைக் கொஞ்சம் சுரண்டுகிறது, அவ்வளவுதான். அதோடு மிச்சமிருந்த பூச்சும் போய், காப்பில்லாத பிளாஸ்டிக் நேராக வெயிலைப் பார்க்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ மஞ்சள் திரும்பி வரும், வேகமாக வரும். எண்ணெய் ஸ்பிரே கீறல்களை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும், இரண்டு மழையில் போய்விடும். கொசுவிரட்டி ஸ்பிரே இவற்றைவிட மோசம். அதிலுள்ள 'டீட்' என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலையே இளக்குகிறது. ஒரு குவளையில் திரவத்தைச் சூடாக்கி லென்சுக்கு ஆவி பிடிக்கும் கருவி இப்போது இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆவி பட்டதும் லென்ஸ் புதிதுபோல் ஆவதைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்தத் திரவம் பெரும்பாலும் குளோரோஃபார்ம் வகைக் கரைப்பான். மூச்சுக்குக் கெடுதல், லென்சில் பின்னால் நுண்விரிசல் விழவும் வழிசெய்யும், புறஊதாக் காப்பும் தராது. ஓசியில் முடிகிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தேய்க்க வேண்டிய வேலை ஓசி ஆகாது.

சரியான முறைக்குப் போகும் முன் ஒரு சோதனை. லென்சின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்திருக்கும்போது லென்ஸ் தெளிவாகத் தெரிந்தால் கேடு வெளிப்பரப்பில்தான், மீட்டுவிடலாம். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் கேடு உள்பக்கத்திலோ ஆழமான விரிசலிலோ இருக்கிறது, தேய்ப்பது வீண். மீட்கலாம் என்றால், சுற்றியுள்ள பெயின்டை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சேண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும்: 600 அல்லது 800 எண் தாளில் தொடங்கி 1000, 1500, 2000 என்று. முதலில் வழிவது மஞ்சள் கலந்த நீர், அது பழைய பூச்சு. வழியும் நீர் வெறும் வெள்ளையாக மாறும்வரை முதல் தாளை விடக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய பூச்சு திட்டுத்திட்டாக மிஞ்சினால் புதுப் பூச்சின் அடியில் அது வரைபடம்போலத் தெரியும். கடைசியில் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, புறஊதாக் காப்புள்ள இரண்டு கலவைக் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அதில் ஐசோசயனேட் உண்டு, திறந்த வெளியும் சரியான முகக்கவசமும் கட்டாயம். இங்கே மலையின் குணம் குறுக்கே வரும். ஈரக் காற்றில் அடித்தால் பூச்சு பால்போல் வெளுத்துவிடும், குளிரில் இறுகவும் நேரமாகும். பனி விலகிய பின், மதிய மழைக்கு முன், வெயிலில் லென்ஸ் லேசாகச் சூடேறிய பத்து மணி வாக்கில் தொடங்குவது நல்லது. பூச்சு இல்லாமல் வெறும் மெழுகோடு நிறுத்தும் பட்டறையில், பூச்சையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பதே அந்தப் பூச்சுக்குத்தான்.

ஆனாலும் மீட்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதே 2018 ஆய்வில், மீட்ட விளக்குகள் புதியதன் ஒளியில் சுமார் 70 விழுக்காட்டை எட்டின. ஒரிஜினல் மாற்றினால் முழு ஒளி, வெளிக்கம்பெனி விளக்கு மாற்றினால் 83 முதல் 90 வரை. ஆனால் வெளிக்கம்பெனி விளக்குகளில் ஒளி விழும் கோணம் பிசகுவது அதிகம். உள்ளே ரிஃப்ளெக்டரின் பளபளப்பு முலாம் கருகியிருந்தாலோ, லென்சுக்குள் நீர் கோத்து நின்றாலோ மாற்றுவதே முறை. வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் ஜப்பான் விளக்கு மலிவாகக் கிடைக்கும். ஜப்பானும் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ஒளியின் வடிவம் பொருந்தும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது என்றால் தொடாதீர்கள், எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். ஹாஃப்-கட் விளக்கும் வயதானதுதான், அங்கேயே நனைத்துப் பார்த்து வாங்குங்கள். மங்கிய லென்சுக்குள் எல்இடி பல்பு போட்டுச் சமாளிப்பதைத்தான் நான் முற்றாக மறுக்கிறேன். ஹாலஜன் இழைக்கென வளைத்த ரிஃப்ளெக்டரில் எல்இடி சரியாகக் குவியாது. மங்கல் அதை இன்னும் சிதறடிக்கும், பனியில் திரை இரட்டிப்பாகும்.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகின்றன, ஹெட்லைட்டும் பார்க்கப்படுகிறது. சொந்தக் காருக்குப் பெரும்பாலும் கைமாறும்போதுதான் சோதனை. அதனால் பத்தாண்டுகள் யாரும் பார்க்காமல் ஒரு விளக்கு மங்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த விளக்கு இங்கே காலையிலேயே தேவைப்படுகிறது. 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து தீபகற்பத்தில் சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வேன்களும் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் லாரிகளும் இருட்டிலும் பனியிலும்தான் கிளம்புகின்றன. அந்த நேரத்தில் சாலையோரம் நடந்து வருபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் காரையும், பிள்ளைகள் போகும் வேனையும் இந்த வாரமே நனைத்துப் பார்த்துவிடுங்கள். வேன்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.