வாய் பேசாப் பூனையின் நோயும் இல்லறத்தார் கடமையும்

மாமல்லபுரம் செல்லும் நம்மவர் எவரும் அருச்சுனன் தபசு என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தைக் காணாமல் திரும்புவதில்லை. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய அப்பாறையில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்கின்றது. அதன் காலடியில் எலிகள். வழிகாட்டுவோர் அதனைப் போலித் துறவி என்று சொல்ல, கேட்போர் நகைப்பர். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற போதெல்லாம் நாமும் அந்நகைப்பைக் கேட்டிருக்கிறோம். நம் பழமொழிகளும் பூனைக்கு நற்பெயர் தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று எண்ணுமாம். குறுக்கே வந்தால் சகுனத் தடையாம். பசு இறந்தால் அண்டை வீட்டார் வந்து துக்கம் விசாரிப்பர். பூனை இறந்து, வீட்டுக் குழந்தை இரண்டு நாள் உண்ணாதிருந்தாலோ, "ஒரு பூனைக்கா இவ்வளவு?" என்பர். இவ்வினாவை நம் சமணக் குடும்பங்களிலும் கேட்க நேர்வதால், இதனை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம்.

நம் ஆகமங்கள் உயிர்களை அறிவு வகையால் பிரிக்குங்கால், பூனையை ஐம்பொறியும் மனமும் உடைய விலங்குகதி உயிராகவே வைக்கின்றன. ஓரறிவுயிராகிய புல்லை மிதிக்கவும் அஞ்சும் மரபினர், ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிர் தம் வீட்டு மூலையில் நோயுற்றுக் கிடப்பதை அறியாதிருத்தல் பொருந்துமா? அறியாமைக்கு ஒரு காரணம் உண்டு. பூனை தன் நோயை மறைக்கும். தனித்து வேட்டையாடி வாழ்ந்த இனத்தின் வழிவந்தது ஆதலின், தன் தளர்ச்சியைப் பிறர்க்குக் காட்டாது. நாய் முனகும், பூனை பரண்மேலோ கட்டிலடியிலோ ஒடுங்கிவிடும். கறகறவென்று ஒலி எழுப்பினால் மகிழ்ச்சியில் இருக்கிறது என்று கொள்வதும் பிழை. கடும் வலியிலும் பூனை அவ்வாறு ஒலிக்கும்.

ஆகவே கூர்ந்து நோக்குதலே முதற்கடமை. உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்தி, உரோமம் சிலிர்த்துக் கிடக்கிறதா? முதுகைக் கூனிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, செவிகளைப் பக்கவாட்டில் சாய்த்து அமர்ந்திருக்கிறதா? இவை வலியின் குறிகள். அது உறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என எண்ணுங்கள். பத்து வயதுப் பிள்ளையும் இதைச் செய்யலாம். எண்ணிக்கை பன்முறையும் 30க்கு மேற்பட்டால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கக்கூடும். முழுநாள் உணவைத் தொடவில்லை எனில் மறுநாள் பார்க்கலாம் என்றிருத்தல் ஆகாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி முயன்றும் துளியும் வரவில்லை என்றால், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். அடைப்பு நீங்காவிடின் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும்.

அன்பு மிகுதியால் நேரும் கேடும் உண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதன் ஈரலில் அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் இல்லாமையால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே கொல்லவல்லது. தரை துடைக்கும் பினாயிலும் அவ்வாறே. ஈரத் தரையில் நடந்து, பின் பாதத்தை நக்கும் பூனையின் வயிற்றுக்குள் அது சென்றுவிடும்.

உணவைப் பற்றிச் சொல்ல நம்மவர் தயங்குவர். நாம் தயங்கவில்லை. பூனை ஊனுண்ணும் பிறவி. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளாது. இயற்கையில் அதனை ஊனிலிருந்தே பெறுகின்றது. அது குறைந்தால் கண்பார்வை கெடும். இதயம் தளர்ந்து விரியும். இதயநோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987இல் ஆய்வால் உறுதியாயிற்று. பாற்சோறு மட்டும் இட்டுப் பூனையை வளர்ப்பது நோயை வளர்ப்பதே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரியாது. தம் இல்லத்தில் ஊன் புழங்க மனம் ஒவ்வாதவர் பூனையை வாங்கி வளர்க்க முற்படாதிருத்தல் நேர்மை. தானாக வந்து அடைக்கலம் புகுந்ததைக் காக்க நேர்ந்தவர், அதன் உணவைக் கால்நடை மருத்துவரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்களில் பூனைகள் பச்சை மீனை உண்டு திரிவதைப் பார்த்து, மீனே போதும் என்று எண்ணுவோரும் உளர். சிலவகைப் பச்சை மீனில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உள்ளது. அதனையே நாள்தோறும் உண்ணும் பூனைக்குத் தலை கீழ்நோக்கித் தொங்கும், வலிப்பும் வரும். சமைத்தால் அந்நொதி கெட்டுவிடும்.

முதிய பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது சிறுநீரக நோய். மிகுதியாக நீர் குடித்து, மிகுதியாகச் சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே வரும். சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு குன்றிய பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்வதால், நோய் தெரியும்போது காலம் கடந்திருக்கும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் வாழும் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், 14 வயதுப் பூனைக்கு இந்நோய் கண்டது. வீட்டுத் தலைவி மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, தோலின் கீழ் மருந்துநீரைத் தாமே ஏற்றி வந்தார். பேரன் எடையையும், உண்ட அளவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறித்தான். எட்டுத் திங்கள் அது நன்றாகவே வாழ்ந்தது. உள்ளூரில் இயலாத சோதனைகளுக்குச் சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. எழும்பூர் நிலையத்திலிருந்து தொலைவில்லை. பூனையை மடியில் ஏந்திச் செல்லாமல், மூடியுள்ள கூடையில் அதன் பழந்துணியை இட்டுக் கொண்டு செல்க.

இனிக் கடினமான பகுதிக்கு வருவோம். நோய் தீராது, வலி மிகுகிறது என்ற நிலையில், ஊசியிட்டு உயிரைப் போக்கிவிடலாமா என மருத்துவர் கேட்கக்கூடும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் தீரா நோயுற்ற விலங்கு வகையில் இதற்கு இடம் தருகின்றது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் மீளாத நோயால் துடித்த ஒரு கன்றின் உயிரைக் காந்தியடிகள் ஊசிமூலம் பிரியச் செய்து, அதுவும் அஹிம்சையே என எழுதினார். எதிர்த்துக் கடிதம் எழுதியோர் பலர். சைனரும் அவருள் இருந்தனர். நம் மரபு, பிறிதோர் உயிரின் ஆயுளை அறுக்கும் உரிமையை நமக்குத் தரவில்லை. அதனைப் பூனைக்குரிய சல்லேகனை என்று சொல்வாரும் உளர், அது பொருந்தாது. சல்லேகனை அறிந்து, விரும்பித் தானே ஏற்கும் விரதம். ஒருவர் மற்றொருவர்க்கு எடுத்துக்கொடுப்பது அன்று. எனினும், கொல்லவில்லை என்ற நிறைவோடு, வலி தணிக்கும் மருந்தும் வாங்கித் தராமல், உயிர் துடிக்க விட்டுவிடுவது காந்தியடிகளின் செயலினும் எவ்வாறு உயர்ந்தது? வலியைக் குறைக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். தீரும் நோயில் உண்ண மறுக்கும் பூனைக்குக் குழாய்வழியேனும் உணவு செலுத்த வேண்டும். மீளாது என மருத்துவர் கூறிய கடைசி நாள்களில் வாயைத் திறந்து திணித்தல் ஆகாது. ஆற்றாமல் வேறு முடிவெடுத்த குடும்பத்தாரைப் பழித்துப் பேசுவதும் நமக்கு உடன்பாடு இல்லை.

திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயை நினைவு கூர்க. அந்தணர் உணவைத் தொட்டதற்காக அடியுண்டு சாகக் கிடந்த நாயைச் சீவகன் காண்கிறான். ஊரெல்லாம் நீர்விளையாட்டு விழாவில் களித்திருந்த நேரம் அது. உயிர் மீளாது என்றறிந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னர் அவனுக்குத் துணை நிற்கிறது. தேவனான செய்தியையே நாம் பெரிதாக எடுத்துச் சொல்கிறோம். விழாவை விட்டு விலகி, ஒரு நாயின் பக்கத்தில் ஒருவன் அமர்ந்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். இறக்கும் பூனைக்கும் இதனைச் செய்யலாம். மெல்லிய குரலில், இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில், ஒருவர் மட்டும் அருகிருந்தால் போதும். கூட்டம் கூடினால் அது அஞ்சும்.

பிரிவுத்துயர் பற்றி உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் தெளிவாகவே கூறுகின்றது. விரும்பியதைப் பிரிந்து அதனையே நினைந்து வருந்துதல் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகை. அது விலக்கத்தக்கது என்பர் பெரியோர். ஆனால் யாரிடத்து அது தோன்றும் எனச் சொல்லுமிடத்தில், விரதம் ஏற்காதவரோடும், இல்லற விரதியரோடும் நில்லாமல், பிரமாதம் நீங்காத முனிவரையும் சூத்திரம் சேர்த்தே கூறுகின்றது. முனிவர்க்கும் வரக்கூடியதை எட்டு வயதுக் குழந்தைக்கு வரலாகாது என்று அதட்டுவது எந்நியாயம்? மேற்சொன்ன பேரன், பூனை இறந்தபின் நோட்டுப் புத்தகத்தில் தேதி மட்டும் எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் நான்கு நாள் வைத்திருந்தான். அவன் பாட்டி அதனைப் பிடுங்கவில்லை. ஐந்தாம் நாள் அருகமர்ந்து, அநித்திய பாவனையைச் சொல்லிக் கொடுத்தார். அழுகை அடங்கிய பின்னரே பாவனை உள்ளே செல்லும் என்பது நம் ஆசிரியப் பயிற்சியில் கற்ற எளிய உண்மையோடும் ஒத்தது. "தூங்குகிறது" என்றோ, "ஓடிப்போயிற்று" என்றோ குழந்தையிடம் பொய் கூற வேண்டா. இறந்தது என்றே சொல்லுங்கள். ஆழக் குழி வெட்டிப் புதைக்கும்போது ஒருபிடி மண் இடவும் விடுங்கள்.

உடனே வேறு குட்டியைக் கொணர்ந்து துயரை மாற்ற நினைப்பது பொதுவழக்கம். இறந்தது குட்டியாக இருந்து, வாந்தியும் கழிச்சலும் கண்டு இறந்ததாயின், இதில் பேராபத்து உண்டு. பேன்லூகோபீனியா என்னும் நச்சுயிரி வீட்டில் ஓராண்டு வரையிலும் அழியாமல் தங்கவல்லது. புதுக்குட்டியும் அதற்கே இரையாகும். அதன் பாத்திரங்களையும் படுக்கையையும் அகற்றி, தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி உலரவிடுங்கள். புதிதாக வரும் குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட்டு, அத்தவணை முடிந்தபின் வீட்டுக்குக் கொணர்க. வீட்டில் மற்றொரு பூனை எஞ்சியிருந்தால், அது சில நாள் அறைதோறும் தேடித் திரியும், உணவையும் குறைத்துக்கொள்ளும். வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்திலேயே அதற்கு உணவு வைத்து, உண்கிறதா என நாள்தோறும் பார்த்து வாருங்கள்.