தொழுவத்தில் ஒரு டேபிள் சா

அன்புள்ள மருமகனுக்கு,

சும்மா கிடக்கும் தொழுவத்தைத் தச்சுப் பட்டறை ஆக்கப் போகிறேன், முதல் செலவாக ஒரு டேபிள் சா வாங்கப் போகிறேன், எத்தனை எச்.பி. மோட்டார் நல்லது மாமா என்று எழுதியிருந்தாய். கடைக்காரரும் மோட்டாரிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். நான் அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன்.

என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்கிறவர்களுக்குக் கடைசல் மெஷின்தான் எல்லாம். அங்கே டேபிள் சாவுக்குப் பெரிய வேலை கிடையாது. நீ புத்தக அலமாரி, ஸ்டூல், அம்மாவுக்கு ஒரு சாமி மாடம் என்கிறாய். அதற்கு ஒரே அகலத்தில், நேராக, நிறையச் சட்டங்கள் வேண்டும். டேபிள் சா பிறந்ததே அதற்குத்தான். தேக்கு உருட்டையைப் பலகையாக அறுப்பது அதன் வேலை இல்லை. 10 அங்குல பிளேடு மேசைக்கு மேல் சுமார் 3 அங்குலம்தான் எழும்பும். கனத்த மரத்தைச் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் மில்லில் கொடுத்து, வேண்டிய கனத்துக்கு அறுத்து வாங்கிக்கொள். அறுப்புக்கூலி கொடுத்தாலும் அதுதான் லாபம். மில் வேலையையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள்தான் 3 எச்.பி., மூன்று ஃபேஸ் என்று போய்க் காசைக் கரைக்கிறார்கள்.

இன்னொரு பாதை உன் கண்ணில் பட்டிருக்கும். நம்மூர் ஆசாரிமார் கை கட்டிங் மெஷினைத் தலைகீழாகப் புரட்டி, ஒரு ப்ளைவுட் பலகைக்கு அடியில் திருகி, பிளேடை மேலே நீட்டி வைத்து அறுப்பார்கள். சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கும்படி கயிறு சுற்றியிருக்கும். மூடி கழன்று மூலையில் கிடக்கும். அவர்கள் கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷம் அறுத்த கைக்கும் உன் கைக்கும் வித்தியாசம் உண்டு. இருபது வருஷம் அறுத்தவர்களிலும் விரல் நுனி இல்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிக்கனம் என்று அதில் இறங்காதே.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி வரும். பலகை கொஞ்சம் திரும்பினாலோ, அறுத்த கீறல் சுருங்கிப் பிளேடைக் கவ்வினாலோ, அந்தப் பின்பற்கள் பலகையைத் தூக்கி உன்மேலேயே எறியும். சரியாகக் காயாத மரத்தில் இது சாதாரணம். வீட்டுப் புறவாசலில் வெட்டிய வாகையும் பூவரசும் உள்ளுக்குள் இறுக்கத்தை வைத்திருக்கும். அறுக்க அறுக்க வளையும். 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 3,650 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 175 கிலோமீட்டர். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் வீசிய அதிவேகப் பந்தே 161.3தான். அவராவது தூரத்திலிருந்து வீசினார்.

இதைத் தடுப்பது ரைவிங் நைஃப் என்கிற ஒரு சின்ன இரும்புத் தகடு. பிளேடுக்குப் பின்னால் ஒட்டியபடி நின்று, கீறல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பிளேடை ஏற்றி இறக்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்க வேண்டும். பிளேடை மட்டும் இறக்கிவிட்டு அசையாமல் நிற்கிற தகட்டை ஆட்கள் இடைஞ்சல் என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பல் போடும் கீறலைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். புது பிளேடு வாங்கும்போதும் இந்த அளவைப் பார். இது இல்லாத மெஷினை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதே. இழைப்பும் அறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய இரும்பு மெஷின்கள் விலையால் ஆசை காட்டும். நான் பார்த்த பலவற்றில் அறுப்புப் பக்கம் மூடியும் இல்லை, தகடும் இல்லை.

அடுத்தது ஃபென்ஸ். பலகை உரசிக்கொண்டு போகும் அந்தச் சட்டம் பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும். கடையிலேயே பூட்டிவிட்டு, பின்முனையைக் கையால் தள்ளிப் பார். அசைந்தால் அடுத்த மெஷினுக்குப் போ. பிளேடில் ஒரு பல்லில் பேனாவால் குறி போட்டு, அந்தப் பல்லை முன்னால் வைத்து ஒரு முறை, பின்னால் சுழற்றி வைத்து ஒரு முறை ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அள. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பின்னால் குறைந்தால் பலகை நெருக்கப்படும். மோட்டார் சிறியதானால் மெதுவாகத் தள்ளிக்கொள்ளலாம். ஆடுகிற ஃபென்ஸை எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

8க்கு 4 ப்ளைவுட்டை இதில் தூக்கி வைக்கலாமா என்றும் கேட்டாய். 18 மி.மீ. ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும், நான் பின்னால் சொல்லும் மெஷினைவிடவே கனம். தரையில் போட்டுக் கை மெஷினால் இரண்டு மூன்றாகப் பிளந்துகொண்டு, பிறகு டேபிள் சாவுக்குக் கொண்டு வா.

கனம் என்றதும் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகித் திருநெல்வேலிச் சந்திப்பையும் சிந்துபூந்துறையையும் மூழ்கடித்தது உனக்கு நினைவிருக்கும். உன் தொழுவம் வாய்க்கால் கரையில், தரையோடு தரையாக இருக்கிறது. வார்ப்பிரும்பு மேசை போட்ட மெஷின் அதிராது, அழகாகவும் இருக்கும். ஆனால் ஐப்பசி ஈரத்தில் துரு ஏறும், தண்ணீர் வந்தால் மாடிக்கு ஏறாது. போஷ் ஜிடிஎஸ் 10 ஜே மாதிரியான, 26 கிலோ எடையுள்ள அலுமினிய மேசை மெஷினை இரண்டு பேர் தூக்கிவிடலாம். உன் இடத்துக்கு என் ஓட்டு இந்த ரகத்துக்கே.

மோட்டார்: 1,500 முதல் 1,800 வாட் போதும். 1,800 வாட் என்றால் 230 வோல்ட்டில் 8 ஆம்பியர் அளவு இழுக்கும். கிளம்பும்போது இன்னும் கூட. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, 15 ஆம்ப் பிளக் போட்டு, எர்த்தைச் சரிபார்க்கச் சொல். அமெரிக்காவில் இருக்கும் உன் பெரியப்பா மெஷின் வாங்கி அனுப்புகிறேன் என்றாராமே, வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

அந்த ஊரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. இயற்பியல் படித்த ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர், விரல் பட்ட 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்தும் பிரேக்கை 1999-ல் கண்டுபிடித்தார்; 2004 முதல் சாஸ்டாப் என்ற பெயரில் அந்த மெஷின் விற்பனையில் இருக்கிறது. தோல் மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த மரம் கடத்தாது, அவ்வளவுதான் சூத்திரம். நம் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் மெஷின்களில் அது இல்லை. அதனால் சாரம் கட்டிக்கொண்டோ, தோளில் துண்டோடோ, கையுறை போட்டுக்கொண்டோ மெஷின் முன்னால் நிற்காதே. மெல்லிய சட்டத்தைத் தள்ளுகட்டையால் தள்ளு. மூக்குக்கு மாஸ்க் போடு. இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் ஓட்டிப் பார்த்துவிட்டு அறு.

பிளேடில் இரண்டு வாங்கு: நெடுக்காக அறுக்க 24 பல், ப்ளைவுட்டுக்கு 60 பல். நடுத்துளை அளவு உன் மெஷினுக்குச் சேருமா என்று கடையிலேயே பார்த்துக்கொள். மெஷின் வந்து இறங்கியதும் போன் போடு. ஞாயிற்றுக்கிழமை மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஃபென்ஸைச் சரிபார்க்கும் வரை ஒரு பலகையும் ஓட்டாதே.

அன்புடன்,
மாமா