கிராபிக்ஸ் கார்டும் படத்தொகுப்பு மென்பொருளும்: பொருத்தம் பார்க்கும் முறை

முன்னுரை

திருமணத்திற்கு முன் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். அதில் நம்பிக்கை உடையோரும் உண்டு, இல்லாதோரும் உண்டு. ஆனால் கணிப்பொறிக்குள் கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகுவதற்கு முன் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. இதனை நான் நூலில் கற்கவில்லை. நண்பன் ஒருவன் பணம் இழந்ததைக் கண்டு கற்றேன்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து குறும்படம் ஒன்று எடுத்தோம். படத்தொகுப்புப் பொறுப்பை ஏற்ற நண்பன், விடுமுறை நாள்களில் திருமண வீடுகளில் பந்தி பரிமாறச் சென்று சேர்த்த பணத்தில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி வந்தான். "எட்டு ஜிபி கார்டு தம்பி, எதைப் போட்டாலும் ஓடும்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். கார்டைச் செருகியதும் திரையில் படம் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் சிறப்புக் காட்சிகளை அமைக்க நாங்கள் பயன்படுத்திய மென்பொருள், அந்தக் கார்டு இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. எல்லாக் கணக்கையும் முன்போலவே பிராசஸர் ஒன்றே செய்துகொண்டிருந்தது. கார்டில் பழுதில்லை; மென்பொருளிலும் பழுதில்லை. இரண்டுக்கும் பொருத்தமில்லை, அவ்வளவே. அத்தகைய இழப்பு இன்னொரு மாணவருக்கு நேரக்கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கார்டின் பணி யாது?

முழு எச்டி எனப்படும் படத்தின் ஒரு சட்டத்தில் 1920 × 1080, அதாவது 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840 × 2160 அளவுள்ள சட்டத்திலோ 82,94,400 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 சட்டங்கள் ஓடுமானால், ஒரு நொடியில் 20,73,60,000 புள்ளிகளுக்குக் கணக்குப் போட வேண்டும். படத்தின் நிறத்தைச் சற்றே மாற்றினாலும் இத்தனை கணக்குகளும் புதிதாகச் செய்யப்பட வேண்டும்.

ஏர் ஓட்டத் தேர்ந்தவர் ஒருவர் போதும். நாற்று நடுவதற்கு ஆள் பலர் வேண்டும். பிராசஸர் ஏர் ஓட்டுபவரைப் போன்றது. சிக்கலான வேலையை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். கிராபிக்ஸ் கார்டு நடவுக்கு வந்த கூட்டத்தைப் போன்றது. ஒரே விதமான எளிய கணக்கைப் பல புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் செய்யும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் கார்டில் இத்தகைய கணக்கிடும் அலகுகள் 3,584 உள்ளன.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். காட்சியை வெட்டுவதும் ஒட்டுவதும் கார்டுக்குரிய வேலைகள் அல்ல. நிறத் திருத்தம், அளவு மாற்றம், ஒரு காட்சியை மற்றொன்றில் கலத்தல், படத்தின் இரைச்சலை நீக்குதல் ஆகியவையே அதற்கு உரியவை. பிரீமியர் புரோ மென்பொருளில் கார்டின் துணையைப் பெறும் விளைவுகளுக்குத் தனிச் சின்னம் இடப்பட்டுள்ளது. அச்சின்னம் இல்லாத விளைவுகளை எத்தனை விலையுயர்ந்த கார்டு வாங்கினாலும் பிராசஸரே செய்யும்.

இனி, பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தங்களைக் காண்போம்.

1. மொழிப் பொருத்தம்

நடவுக்கு ஆள் வந்திருந்தால் மட்டும் போதாது. சொல்லும் வேலை அவர்களுக்குப் புரிய வேண்டும். மென்பொருள் கார்டிடம் வேலை சொல்வதற்கென்று சில கணக்கீட்டு மொழிகள் உள்ளன. என்விடியா நிறுவனம் 2007இல் வெளியிட்டது கூடா. அந்நிறுவனத்தின் கார்டுகளுக்கென்றே அமைந்தது அது. பிறர் கார்டுகளோடு, பெயருக்கேற்பக் கூடாது. பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவாக 2008இல் வரையறுக்கப்பட்டது ஓப்பன்சிஎல். ஆப்பிள் நிறுவனம் 2014இல் மெட்டல் என்பதை அறிமுகப்படுத்தி, மறு ஆண்டு தன் மேக் கணிப்பொறிகளுக்கும் கொண்டுவந்தது.

அடோபி நிறுவனம் 2010இல் வெளியிட்ட பிரீமியர் புரோ சிஎஸ்5, கார்டின் உதவியால் விரைந்து இயங்கும் திறன் பெற்றிருந்தது. ஆனால் அந்த உதவியை என்விடியாவின் குறிப்பிட்ட சில கார்டுகளிடமிருந்து மட்டுமே அது ஏற்றது. அந்தக் கார்டுகளின் பெயர்கள் எளிய எழுத்துக் கோப்பு ஒன்றில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இதைக் கண்டுகொண்ட பயனர்கள் அக்கோப்பைத் திறந்து, தம்மிடமிருந்த வேறு என்விடியா கார்டின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டனர். போதிய நினைவகம் உள்ள கார்டாயின் அது இயங்கவும் செய்தது. ஆனால் பிற நிறுவனக் கார்டின் பெயரை எழுதியவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடலாம். தெரியாத மொழியைக் கற்பித்துவிட முடியாது.

இன்று தெரிந்த மொழி நாளையும் வழங்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஆப்பிள் 2018இல் ஓப்பன்சிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்தது. மேக்கில் இயங்கும் கடைசி கூடா பதிப்பு 2019இல் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருள், 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில், சைக்கிள்ஸ் என்னும் தன் காட்சியாக்கப் பகுதியிலிருந்து ஓப்பன்சிஎல்லை நீக்கியது. அதனால் ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகள், 8 ஜிபி நினைவகம் இருந்தும், புதிய பதிப்பின் சைக்கிள்ஸ் கணக்கீட்டுக்கு உதவாமற் போயின. எனவே மென்பொருளின் பெயரோடு அதன் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும்.

2. நினைவகப் பொருத்தம்

கணக்கிட வேண்டிய சட்டம் முதலில் கார்டின் நினைவகத்துக்கு வந்து சேர வேண்டும். நிறம் கெடாமல் கணக்கிட, ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுமை என்னும் நான்கு மதிப்புகளையும் ஒவ்வொன்றும் 4 பைட்டாகக் கொள்வது வழக்கம். ஆகப் புள்ளிக்கு 16 பைட்டு. இக்கணக்கின்படி எச்டி சட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 33 மெகாபைட்டும், 4கே சட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 133 மெகாபைட்டும் தேவை.

ஒரு சட்டம் மட்டும் என்றால் கவலையில்லை. இரைச்சல் நீக்கும் விளைவு முன்னும் பின்னுமுள்ள சட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒவ்வொரு விளைவும் இடைநிலைப் படிகளை வைத்துக்கொள்ளும். இயங்குதளமும் திரையும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். டாவின்சி ரிசால்வ் மென்பொருள் பெருமளவு கார்டையே நம்பி இயங்குவது. நினைவகம் நிரம்பிவிட்டால் அது அச்செய்தியைத் திரையில் காட்டி நின்றுவிடும். வேகம் குறைந்த கார்டு நம்மைக் காத்திருக்க வைக்கும். நினைவகம் குறைந்த கார்டு வேலையையே நிறுத்திவிடும். இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

3. குறிமுறைப் பொருத்தம்

கேமராவும் கைப்பேசியும் படத்தைச் சுருக்கிக் குறியிட்டுச் சேமிக்கின்றன. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகியவை பரவலாக வழங்கும் குறிமுறைகள். சுருக்கியதை விரிப்பதற்கும், முடித்த படத்தை மீண்டும் சுருக்குவதற்கும் கார்டில் தனிச் சுற்றுகள் உண்டு. கணக்கிடும் அலகுகள் வேறு, இச்சுற்றுகள் வேறு.

எல்லாக் கார்டிலும் எல்லாச் சுற்றும் இருப்பதில்லை. 2017இல் வந்த ஜிடி 1030 கார்டில் படத்தைச் சுருக்கும் சுற்றே கிடையாது. உயர்தரக் கேமராக்கள் சில, நிற விவரத்தைக் கூடுதலாகக் காக்கும் 4:2:2 முறையில் 10 பிட்டு எச்.265 படங்களைப் பதிவு செய்கின்றன. இதை விரிக்கும் சுற்று என்விடியாவின் ஜிபோர்ஸ் வரிசையில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இடம்பெற்றது. இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறைப் பிராசஸரோடு இணைந்து வரும் சிறிய கிராபிக்ஸ் பகுதியோ அதை முன்னரே செய்தது. ஆகவே சில வேளைகளில், தனியாக வாங்கிய பெரிய கார்டால் ஆகாததை உடன்பிறந்த சிறிய பகுதி செய்துவிடும். பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்துள்ள இன்டெல் பிராசஸர்களில் அப்பகுதி செயல்படாது என்பதையும் அறிந்துகொள்க.

4. டிரைவர் பொருத்தம்

கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நின்று பேசுவது டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள். கார்டு பழையதாகும்போது நிறுவனம் அதற்குப் புதிய டிரைவர் எழுதுவதை நிறுத்திவிடும். 2012இல் அறிமுகமான கெப்ளர் வகைக் கார்டுகளுக்குப் புதிய வசதிகளுடன் டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021இல் நிறுத்திக்கொண்டது. 2022 டிசம்பரில் வந்த கூடா 12ஆம் பதிப்பிலும் அவ்வகை இடம்பெறவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு புதிய டிரைவரைக் கேட்கும். அது பழைய கார்டுக்குக் கிடைக்காது. பழைய கார்டு மலிவாக விற்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டு புதியதாயினும், கையிலுள்ள வேலை முடியும்வரை டிரைவரை மாற்றாதிருத்தல் நன்று. என்விடியா 2019 முதல் விளையாட்டுக்கு ஒன்றும், படைப்புப் பணிக்கு ஸ்டூடியோ என ஒன்றுமாக இருவகை டிரைவர்களை வெளியிடுகிறது. படத்தொகுப்புக்கு இரண்டாவதே உகந்தது.

5. மின்சாரமும் இடமும்

கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை அதிகபட்சமாக 75 வாட் மின்சாரம் தரும். அதற்குமேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டும். ஆறு ஊசி இணைப்பு 75 வாட்டும், எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டும் தரவல்லவை. ஜிடி 1030 கார்டுக்கு 30 வாட் போதும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட் வேண்டும். அலுவலகங்களில் கழித்துக் கட்டிய சிறு கணிப்பொறிகளை வாங்கிப் பயன்படுத்தும் மாணவர் நம்மிடையே பலர். அவற்றின் பவர் சப்ளையில் இத்தகைய இணைப்பே பெரும்பாலும் இராது. பெட்டிக்குள் கார்டின் நீளத்துக்கு இடம் உண்டா என்பதையும் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கார்டு வாங்க இயலாதோர் செய்யத்தக்கது

எல்லோராலும் புதிய கார்டு வாங்க இயலாது. வாங்காமலும் படம் தொகுக்கலாம். பிராக்ஸி என்னும் முறையில், பெரிய படக்கோப்புகளுக்குச் சிறிய அளவில் மாற்றுக் கோப்புகளை மென்பொருளே உருவாக்கித் தரும். அவற்றை வைத்துத் தொகுத்து முடித்தபின், இறுதிப் படம் மூலக் கோப்புகளிலிருந்தே உருவாகும். பிரீமியர் புரோவிலும் ரிசால்விலும் இவ்வசதி உண்டு. 4கே படத்தை எச்டி அளவு மாற்றுக் கோப்பாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிடும். கூடுதலாகத் தேவைப்படுவது வன்தட்டில் சிறிது இடமும் நம்மிடம் சிறிது பொறுமையுமே.

முடிவுரை

முதலில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று தீர்மானிக்க வேண்டும். அடுத்து நம் கேமராவோ கைப்பேசியோ எந்தக் குறிமுறையில் பதிவு செய்கிறது என்று காண வேண்டும். பிறகு மென்பொருள் நிறுவனமே வெளியிட்டுள்ள தேவைப் பட்டியலைப் படித்து, மொழி, நினைவகம், குறிமுறை, டிரைவர், மின்சாரம் என ஐந்தையும் ஒப்பிட வேண்டும். கடைக்குச் செல்வது கடைசிப் படி. நாங்களோ கடையில் தொடங்கினோம்.

எங்கள் குறும்படம் நின்றுவிடவில்லை. என் நண்பன் மாற்றுக் கோப்புகளை வைத்தே தொகுத்து முடித்தான். சிறப்புக் காட்சிகளைப் பிராசஸரே மூன்று இரவுகள் கணக்கிட்டுத் தந்தது. மின்வெட்டு வந்துவிடுமோ என்று அந்த மூன்று இரவும் அவன் சரியாக உறங்கவில்லை. கல்லூரி விழாவில் படம் திரையிடப்பட்டபோது கைதட்டியவர்களுக்கு இது தெரியாது. இன்று கார்டு வாங்க எண்ணும் இளைய மாணவர்கள் அவனிடம்தான் யோசனை கேட்கிறார்கள். "எத்தனை ஜிபி வாங்கலாம் அண்ணா?" என்பதே அவர்களின் முதற்கேள்வி. "நீ எந்த மென்பொருளில் வேலை செய்கிறாய், அதை முதலில் சொல்" என்பதே அவனுடைய மறுமொழி.