2 ஜிபி மடிக்கணினியில் லினக்ஸ் திணறினால்

லினக்ஸ் ராமைச் சும்மா விட்டுவைப்பதில்லை. வட்டிலிருந்து படித்த கோப்பு மறுபடியும் தேவைப்படலாம் என்று, மிஞ்சிய இடத்தில் அதைப் பேஜ் கேஷாகச் சேர்த்துவைக்கிறது. நிரல் ஒன்று இடம் கேட்டால், திருத்தப்படாத கோப்புப் பக்கங்களை உடனே கைவிட்டு இடம் தரும். அவற்றின் மூலம் வட்டிலேயே இருக்கிறது. நிரல்கள் தாமே உருவாக்கிய தரவுக்கு அப்படி மூலம் இல்லை. அதை வெளியேற்றிவைக்க ஸ்வாப் என்ற ஒதுக்கிடம் வேண்டும். ஸ்வாப் இல்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கட்டளைப் பக்கங்களையே கர்னல் கைவிடுவதும் மறுநொடி வட்டிலிருந்து படிப்பதுமாக இருக்கும். மவுஸ் அம்பு உறைந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்கத்தில் 2 ஜிபி ராமும், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. யாரிடமாவது அப்படியொன்று இன்னும் ஓடினால், முதலில் புதிய லினக்ஸ் பதிப்பை நிறுவ வேண்டும். கீழே சொல்லும் வசதிகள் பழைய கர்னலில் முழுமையாக இல்லை.

அடுத்தது அளவீடு. முனையத்தில் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் ‘ஃப்ரீ’ பத்தி சிறிதாக இருப்பது நோயல்ல. ‘அவைலபிள்’ பத்தியைத்தான் பார்க்க வேண்டும். கேஷிலிருந்து மீட்கக்கூடியதையும் சேர்த்த மதிப்பீடு அது. பிறகு ‘விஎம்ஸ்டாட் 1’ கட்டளையை ஓடவிட வேண்டும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்து இதுவரையிலான சராசரி, அதை விட்டுவிடலாம். ஸ்வாப் உள்ள கணினியில், அடுத்த வரிகளில் ‘எஸ்ஐ’ (ஸ்வாப்பிலிருந்து வருவது), ‘எஸ்ஓ’ (ஸ்வாப்புக்குப் போவது) இரண்டும் தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் நின்றால் அது உண்மையான நெருக்கடி. ஸ்வாப் நிறைந்திருப்பது மட்டும் குற்றமல்ல; பக்கங்கள் ஓயாமல் போய்வருவதுதான் வேகத்தைக் கொல்கிறது.

நெருக்கடி உறுதியானால் இசட்ராம் அமைப்பதே சிறந்த மருந்து. அது ஸ்வாப்பாகச் செயல்பட்டு, பக்கங்களைச் சுருக்கி ராமிலேயே வைக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவும் இதைக் கொண்டுதான் சமாளிக்கின்றன. டெபியன் வழிப் பதிப்புகளில் ‘இசட்ராம்-டூல்ஸ்’ தொகுப்பை நிறுவி, அமைவுக் கோப்பில் அளவை ராமில் 50 விழுக்காடாக வைத்தால் போதும்.

அதற்குப் பின்காப்பாக வட்டில் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று. ‘டிடி’ கொண்டு கோப்பை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, ‘எம்கே-ஸ்வாப்’, ‘ஸ்வாப்-ஆன்’ கட்டளைகளைக் கொடுத்து, ‘எஃப்எஸ்-டேப்’ கோப்பில் பதிய வேண்டும். இசட்ராமின் முன்னுரிமை எண் இதைவிட உயர்ந்திருக்க வேண்டும். சுழலும் வன்தட்டின் வேகம் அத்தனை குறைவு.

‘ஸ்வாப்பினெஸ்’ மதிப்பு இயல்பில் 60. கேஷைக் கைவிடுவதா, நிரல் தரவை ஸ்வாப்புக்கு அனுப்புவதா என்ற தேர்வை அது சாய்க்கிறது. இசட்ராம் இருக்கும்போது 100 அல்லது அதற்கு மேல் வைக்கலாம். 2020-இல் வந்த 5.8 கர்னல் முதல் 200 வரை இடமுண்டு. வட்டு ஸ்வாப் மட்டும் என்றால் 60-ஐத் தொட வேண்டாம். கேஷைக் கையால் காலிசெய்யும் ‘டிராப் கேஷஸ்’ வழக்கத்தை அறவே கைவிடுவது நல்லது. அது எப்படியும் மீட்கக்கூடிய இடத்தை மீட்டுவிட்டு, அதே கோப்புகளை மறுபடி வட்டிலிருந்து படிக்கவைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் உலாவி திடீரென மறைந்தால் ‘டிமெஸ்ஜ்’ பதிவில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரியைத் தேட வேண்டும். இடமே இல்லாதபோது கர்னல் பெரும்பாலும் அதிக ராமைப் பிடித்திருக்கும் நிரலைக் கொன்றுவிடும். அந்த வரி அடிக்கடி வந்தால், திறந்துவைக்கும் தாவல்களைக் குறைப்பதும், கணினி ஏற்குமானால் ராமை 4 ஜிபியாக்குவதும்தான் மிச்சமுள்ள வழிகள்.