சோதனையில் பாஸ், சும்மா இருந்தால் அவுட்!

கேள்வி: என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்டு. முதலில் 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. அண்மையில் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் சேர்த்தேன். எக்ஸ்எம்பி ஆன் செய்து 3600-ல் ஓடுகிறது. கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 வைத்தேன். சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடினாலும் அசையவில்லை. ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது. குரோமில் டேப்கள் தாமாகவே செத்துப்போகின்றன. கடைக்காரர் எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
— வாசகர், மதுரை

பதில்: எஸ்எம்பிஎஸ் கடைசியில் பார்க்க வேண்டியது. அதற்குள் பணத்தை எடுக்காதீர்கள். ரேமைக் கூட்டினீர்கள், அதன் வேகத்தை ஏற்றினீர்கள், ப்ராசஸரின் வோல்டேஜையும் குறைத்தீர்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டதால் எது கழுத்தறுக்கிறது என்று இப்போது உங்களுக்கே தெரியாது.

முதலில் பயாஸில் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய் நாலைந்து நாள் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால் கடைக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளலாம். ஆகாவிட்டால் கோளாறு உங்கள் செட்டிங்கில்தான். அடுத்து ரேமை மட்டும் தொடுங்கள். அது தேறிய பிறகு ப்ராசஸர்.

எக்ஸ்எம்பி-யை ஆன் செய்வதை ஓவர்க்ளாக் என்றே பலர் நினைப்பதில்லை. ரேம் பெட்டியில் 3600 என்று அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். அது ரேமுக்கு மட்டும் கொடுத்த வாக்கு. ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இருப்பது ப்ராசஸருக்குள். உங்கள் 5600எக்ஸுக்கு ஏஎம்டி சொல்லும் வரம்பு இரண்டு ரேமுக்கு 3200தான். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் சிங்கிள் ரேங்க் ரேமுக்கு 2933, டூயல் ரேங்குக்கு 2667. அதற்கு மேலே கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைக்கிறது, அதனால்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

'அதே மாடல்' என்பதையும் நம்பிவிடாதீர்கள். ஒரே ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு லாட்டில் சாம்சங் சிப் இருக்கும், அடுத்த லாட்டில் மைக்ரானோ ஹைனிக்ஸோ இருக்கும். தனித்தனியே இரண்டு ஜோடியும் 3600-ல் ஓடும், சேர்த்துப் போட்டால் தடுமாறும். பழைய ஜோடியை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் நான்கையும் போட்டு 3200-க்கு இறக்குங்கள். அன்றாட வேலையில் இந்த வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள்.

ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86 போதும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து, இலவசப் பதிப்பு தரும் நான்கு சுற்றையும் ஓடவிடுங்கள். பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5-ஐ ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் பெயில்தான். 'ஒன்றுதானே' என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண டெஸ்க்டாப்பில் பிழை திருத்தும் ஈசிசி ரேம் கிடையாது. மாறிப்போன ஒரு பிட் போட்டோவுக்குள் போய் உட்கார்ந்தால் ஒரு பட்டை கோடாகத் தெரியும், ஜிப் ஃபைலுக்குள் போனால் பிரிக்க முடியாது. கணினி நின்றுபோனால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே ஃபைல்களைக் கெடுக்கும் ரேம்தான் ஆபத்து. உங்கள் குரோம் டேப்கள் சாவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான்.

இந்தச் சோதனையை ஒரு முறை மே மாதப் பகலிலும் செய்யுங்கள். ரேம் சூடானால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் சீக்கிரம் கசியும். மார்கழியில் தேறிய செட்டிங் கத்திரி வெயிலில் எரர் காட்டுவது மதுரையில் அதிசயமில்லை.

அடுத்தது பாட்டுக் கேட்கும்போது வரும் ரீஸ்டார்ட். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சினிபெஞ்ச் ஆறு கோர்களையும் ஒன்றாகக் கசக்குகிறது. அப்போது மின்சார வரம்பு குறுக்கே நிற்பதால் வேகம் உச்சத்துக்குப் போகாது. நீங்கள் பாட்டுக் கேட்கும்போது ஐந்து கோர் தூங்கும், ஒன்று மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு எகிறும். உச்ச வேகத்துக்கு வேண்டிய வோல்டேஜ் அந்த நொடியில் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. கர்வ் ஆப்டிமைசரில் ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 30 என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை பிடுங்கிக்கொண்டீர்கள்.

எந்தக் கோர் என்று கண்டுபிடிக்கலாம். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்தில் 'டபிள்யூஹெச்இஏ-லாக்கர்' என்ற பெயரில் சிவப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஐடி 18, 'கேஷ் ஹையரார்க்கி எரர்' என்று இருந்தால் அதன் கீழே ஏபிஐசி ஐடி என்று ஓர் எண் இருக்கும். உங்கள் ப்ராசஸரில் பொதுவாக 0, 1 என்றால் முதல் கோர், 2, 3 என்றால் இரண்டாவது. அந்தக் கோரை மைனஸ் 10-க்குக் கொண்டுவாருங்கள், மற்றவை மைனஸ் 20-ல் இருக்கட்டும். பிறகு கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியால் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ரைசன் மாஸ்டர் நட்சத்திரம் போட்டுக் காட்டும் 'நல்ல' கோர்தான் பெரும்பாலும் முதலில் விழும். தொழிற்சாலையிலேயே அதை இறுக்கிக் கட்டிவிட்டார்கள், மேலும் இறுக்க இடமில்லை.

கேள்வி: 1998-ல் சிலரான் 300ஏ-வை 450-ல் ஓட்டிய கோஷ்டி நாங்கள். அந்த மாதிரி லாபம் இப்போது ஏன் கிடைப்பதில்லை?
— வாசகர், கோவை

பதில்: அது பொற்காலம்! பெருக்கெண் 4.5 என்று பூட்டியிருந்தது, பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். 128 கேபி கேஷும் ப்ராசஸரின் முழு வேகத்திலேயே ஓடியது. மலிவு சிப்பில் 50 சதவீதம் கூடுதல்.

அன்று கம்பெனி விட்டுவைத்த இடைவெளியை இன்று கம்பெனியே பூஸ்ட் என்ற பெயரில் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கும் கொஞ்சத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். எல்லாக் கோரையும் 4.4-லிருந்து 4.6-க்கு ஏற்ற, 1.20 வோல்டை 1.32 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரச் செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் நாலரை சதவீதம் கூடும், சூடு ஏறக்குறைய 26 சதவீதம் கூடும். கூலருக்கும் கரன்ட் பில்லுக்கும்தான் வேலை. இப்போது கை வைக்க வேண்டியது ரேமில். ப்ராசஸரில் என்றால் வோல்டேஜை அளவோடு குறைப்பதில்.

கேள்வி: 3200 சிஎல்16, 3600 சிஎல்18. எதை வாங்கலாம்?
— வாசகர், திருச்சி

பதில்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். இரண்டுக்கும் 10 நானோநொடிதான் வரும். காத்திருக்கும் நேரம் ஒன்றே, ஒரே நேரத்தில் அள்ளும் அளவு 3600-ல் கூடுதல். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 3600, இல்லையேல் 3200.

கேள்வி: கோர் ஐ7 13700கே வைத்திருக்கிறேன். ஓவர்க்ளாக் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் கேம் திறக்கும்போது 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டோ 12 ஜிபி!
— வாசகர், சென்னை

பதில்: கிராபிக்ஸ் கார்டை அநியாயமாகத் திட்டாதீர்கள். கேம் திறக்கும்போது ஷேடர்களைப் பிரிப்பது ப்ராசஸர். அது தப்பாகக் கணக்குப் போட்டாலும் திரையில் இந்தச் செய்திதான் வரும். 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அளவுக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களையே கெடுத்துக்கொள்கின்றன என்று இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் முதல் அதற்கான மைக்ரோகோட் பயாஸ் அப்டேட்டாக வந்துகொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இன்டெல் சொன்ன மின்சார வரம்பைத் தாண்டியே பல மதர்போர்டுகள் டீஃபால்ட்டாக ஓடின. நீங்கள் செய்யாத ஓவர்க்ளாக்கை போர்டு செய்திருக்கலாம்.

பயாஸை இந்த வாரமே புதுப்பித்து, உள்ளே போய் 'இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் குணப்படுத்தாது. அதன் பிறகும் அதே செய்தி வந்தால் பில்லைத் தேடி எடுங்கள். பெட்டியில் விற்ற இந்த ப்ராசஸர்களுக்கு வாரண்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக இன்டெல் நீட்டித்திருக்கிறது. சிப்பையே மாற்றிக் கேளுங்கள்.